மாலத்தீவுப் பயணம்: டைவிங் அறிந்தவர்களின் உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் காரைக்குடியிலிருந்து வணக்கம். அரையாண்டு விடுமுறையில் திருச்சியிலிருந்து கொழும்பு வழியாக மாலத்தீவு சென்று, திமிங்கலச் சுறாக்களை ஆண்டு முழுவதும் காணக்கூடிய தெற்கு ஆரிப் பகுதியின் திகுரா தீவில் தங்கி, மகனுடன் டைவிங் (காற்றுக் கலன் சுமந்து கடலுக்கடியில் நீந்துவது) கற்றுக்கொள்ளத் திட்டமிட்டுள்ளோம்.

என்னை உறுத்துவது ஒன்றுதான். பன்னிரண்டு வயதாகும் அவனுக்குச் சிறுவயதில் வீசிங் இருந்தது. கண்மாயில் நீந்திப் பழகிய பிள்ளை. இப்போது இன்ஹேலரைத் தொடுவதே இல்லை. ஆயினும் பயிற்சிக்கு முன் நிரப்பும் மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா பற்றிய கேள்வி உண்டு. ஆழத்திலிருந்து மேலேறும்போது நுரையீரலில் காற்று அடைபட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. உரிய பரிசோதனை செய்து சான்று தரும் நுரையீரல் மருத்துவர் மதுரையிலோ திருச்சியிலோ இருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.

பலமுறை டைவிங் செய்தவர்கள் விமானம் ஏறுமுன் 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பதால், கடைசி நாளைத் திகுராவிலேயே கழிப்பதா, தலைநகர் மாலேக்கு வந்துவிடுவதா என்பதையும் சென்று வந்தவர்கள் சொல்லுங்கள். உடன்வரும் எங்கள் ஆத்தா மார்கழியில் சைவம். அங்கோ காலை உணவான மஸ் ஹுனியிலேயே சூரை மீன் சேரும். விருந்தினர் இல்லங்களில் முன்கூட்டிச் சொன்னால் மீன் கலக்காமல் சமைத்துத் தருவார்களா?