இதயச் செயலிழப்பில் இரத்தம் கெட்டியாகிவிடுமா?

வைகைக்கரை (கேள்வி):
என் தந்தைக்கு 68 வயது. இதயச் செயலிழப்பு இருப்பது உறுதியாகியுள்ளது. எக்கோ பரிசோதனையில் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் விகிதம் 30 சதவீதம் என்று வந்தது. சிறுநீரைக் கூட்டும் ஃபுரோசமைடு மருந்துடன் இதயச் செயலிழப்புக்கான டாபாகிளிஃப்ளோசினையும் தொடங்கியபின் எடுத்த பரிசோதனையில் ஹெமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 41 சதவீதத்திலிருந்து 44 ஆக உயர்ந்திருக்கிறது. இதைப் பார்த்த உறவினர் ஒருவர், இரத்தம் கெட்டியாகிறது, நிறையத் தண்ணீர் கொடுத்து ஆஸ்பிரினும் தொடங்குங்கள் என்கிறார். மருத்துவரோ நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் நீர்மம் வேண்டாம் என்றிருக்கிறார். ஏற்கெனவே தளர்ந்த இதயத்துக்குக் கெட்டியான இரத்தம் கூடுதல் சுமையாகாதா? இ.எஸ்.ஆர் என்ற இரத்தப் பரிசோதனையில் அளவு 4 மட்டுமே இருப்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாமா?

உடலியங்கியல் ஆசிரியர்:
தண்ணீரைப் போலன்றி, இரத்தத்தின் பாகுத்தன்மை (கெட்டித்தன்மை) அது ஓடும் வேகத்தைப் பொறுத்து மாறும் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. வேகமாக ஓடும் பெரிய தமனியில் அது ஏறத்தாழ 4 மில்லிபாஸ்கல்-விநாடி. தண்ணீருக்கு உடல் வெப்பநிலையில் 0.7. ஓட்டம் தளரும் இடங்களில் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்வதால், அதே இரத்தத்தின் பாகுத்தன்மை பல மடங்கு உயர்ந்துவிடுகிறது. ஃபைப்ரினோஜன் போன்ற பெரிய புரதங்கள் இந்த அடுக்குகளுக்குத் துணைபோகின்றன; இதயச் செயலிழப்போடு வரும் அழற்சி அவற்றைக் கூட்டக்கூடும். ஆகவே தளர்ந்த ஓட்டம்தான் முதலில் இரத்தத்தைத் தடிப்பாக்குகிறது. தடித்த இரத்தம் பிறகு ஓட்டத்தை மேலும் தளர்த்துகிறது. கால் சிரைகளிலும், சுவர் அசையாத கீழறையின் நுனியிலும் உறைகட்டி உருவாக வாய்ப்பு கூடுவதற்கு இந்தத் தேக்கம் ஒரு முக்கியக் காரணம்.

இருப்பினும் இதயத்தின் சுமையைக் கணக்கிடும்போது பாகுத்தன்மைக்குப் பெரும் பங்கு கொடுத்துவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் கண்ட விதியின்படி, குழாயின் எதிர்ப்பு பாகுத்தன்மைக்கு நேர்விகிதத்திலும் ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்திலும் அமையும். பாகுத்தன்மை 10 சதவீதம் கூடினால் எதிர்ப்பும் 10 சதவீதமே கூடும். நுண்தமனிகளின் ஆரம் 10 சதவீதம் சுருங்கினாலோ எதிர்ப்பு ஒன்றரை மடங்காகிவிடும். இதயச் செயலிழப்பில் ஆஞ்சியோடென்சின், நார்அட்ரினலின் ஆகிய ஹார்மோன்கள் செய்வது இந்தச் சுருக்கத்தைத்தான்; மருத்துவர்கள் தரும் மாத்திரைகளில் பல அதைத் தளர்த்துவதற்காகவே அமைந்தவை. தந்துகிகளின் கதை வேறு. அங்கே சுமார் 8 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள சிவப்பணு தன்னைவிட ஒடுங்கிய பாதையில் மடிந்து நுழைய வேண்டியிருப்பதால், அணுக்களின் நெகிழ்வுதான் முக்கியம். இரும்புச்சத்துக் குறைவில் அந்த நெகிழ்வு குன்றுகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் அந்தக் குறைவு பரவலாகக் காணப்படுவதால், தந்தையாரின் உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

இதயநோய் மருத்துவர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். 41இலிருந்து 44க்கு உயர்ந்ததில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆண்களுக்கு அது இயல்பான அளவே. டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் உப்பையும் நீரையும் வெளியேற்றுவதோடு, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் சுரப்பையும் கூட்டி ஹெமட்டோகிரிட்டை இரண்டு மூன்று புள்ளிகள் உயர்த்துவது நன்கு அறியப்பட்டதே. 2019இல் வெளியான டாபா-எச்எஃப் ஆய்வில், இந்த மருந்தை எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு மோசமடைவதும் இதயநோயால் நேரும் இறப்பும் குறைந்தன. அதற்காக, ஹெமட்டோகிரிட்டை எந்த வழியில் உயர்த்தினாலும் நன்மை என்று எண்ணிவிட வேண்டாம். 2013இல் வெளியான ரெட்-எச்எஃப் ஆய்வில் எரித்ரோபொய்ட்டினைப் போலச் செயல்படும் டார்பெபொய்ட்டின் ஊசியால் ஹீமோகுளோபினை உயர்த்தியும் பலன் கிடைக்கவில்லை. இரத்தக் கட்டிச் சிக்கல்கள்தான் கூடின.

உறவினரின் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. இந்நோயில் உடல் ஏற்கெனவே உப்பையும் நீரையும் பிடித்துவைத்திருப்பதால், கூடுதலாகக் குடிக்கும் தண்ணீர் பெரும்பாலும் கால் வீக்கமாகவும் மூச்சுத்திணறலாகவும் வெளிப்படும். ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கிறதே தவிர, பாகுத்தன்மையைக் குறைப்பதில்லை, உறைதடுப்பு மருந்தான வார்ஃபரினும் அப்படியே. 2012இல் வெளியான வார்செஃப் ஆய்வில், வெளியேற்ற விகிதம் குறைந்து, சீரான இதயத் துடிப்பு உள்ளவர்களிடம் வார்ஃபரினையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டார்கள். வார்ஃபரினால் பக்கவாதம் ஓரளவு குறைந்தாலும், கடுமையான இரத்தக்கசிவு கூடியதால் மொத்தத்தில் ஆதாயம் தெரியவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத் துடிப்போ, கீழறையில் உறைகட்டியோ இருந்தால் உறைதடுப்பு மருந்து தேவைப்படும். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரின் வேறு காரணத்துக்காகத் தரப்படுகிறது. உங்கள் மருத்துவர் தராத நிலையில் நீங்களாகத் தொடங்காதீர்கள்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் ஹெமட்டோகிரிட்டைப் பார்த்து எப்போதுதான் கவலைப்பட வேண்டும்? இ.எஸ்.ஆர் பற்றியும் யாராவது சொன்னால் நன்று.

இதயநோய் மருத்துவர்:
வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் காரணமாக உணவும் நீரும் குறைந்திருக்கும் நாட்களில் ஹெமட்டோகிரிட் திடீரென ஏறினால் அது உண்மையான நீர்வறட்சி. அந்நாட்களில் ஃபுரோசமைடையும் டாபாகிளிஃப்ளோசினையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று அன்றே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். மற்ற நாட்களில் ஹெமட்டோகிரிட்டைவிடக் காலை எடையே பயன்படும். இரண்டு மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோ கூடினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆய்வகப் பணியாளர்:
இ.எஸ்.ஆர் என்பது சிவப்பணுக்கள் அடுக்காகச் சேர்ந்து கீழிறங்கும் வேகம். இதயச் செயலிழப்பில் அது குறைவாக இருக்கும் என்று பழைய பாடநூல்கள் சொல்லின. கல்லீரல் வீங்கி ஃபைப்ரினோஜன் குறைவாகச் சுரப்பதை அதற்குக் காரணமாகக் காட்டினார்கள். 1991இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு, பல நோயாளிகளிடம் அது உயர்ந்தே இருப்பதைக் காட்டியதோடு, குறைவாக இருந்தவர்களிடம் நோய் கூடுதலாக முற்றியிருந்ததையும் சுட்டியது. ஆகையால் 4 என்ற எண்ணை நல்லதென்றும் கெட்டதென்றும் சொல்ல முடியாது. ஹெமட்டோகிரிட் உயர்ந்தாலே இ.எஸ்.ஆர் இறங்கும் என்பதால், உங்கள் தந்தையின் அறிக்கையில் இரண்டும் ஒரே மருந்தின் விளைவாகவும் இருக்கலாம்.