எரிக் டால்ஃபியின் ‘அட் தி ஃபைவ் ஸ்பாட்’: கேட்டவங்க சொல்லுங்க

ஜாஸ் சாக்ஸஃபோன்காரர் டால்ஃபியோட இந்த லைவ் ஆல்பத்தைக் கேட்டா, முதல்ல மிரட்டுறது பியானோதான். ரெக்கார்ட் சுத்துற டர்ன்டேபிளோட வேகம் தப்புன்னு அதைப் பிரிச்சுடாதீங்க. இது பதிவான 1961 ஜூலை 16 அன்னைக்கு நியூயார்க் ஃபைவ் ஸ்பாட் கஃபேங்கிற ஜாஸ் கிளப்ல இருந்த பியானோவே சுருதி விலகினது. ஊதுறவங்க உதட்டை இறுக்கித் தளர்த்திச் சமாளிக்கலாம். பியானோ வாசிச்ச மால் வால்ட்ரனுக்கு அந்த வசதி இல்ல. சோதிக்கணுமா? புக்கர் லிட்டில் ட்ரம்பெட்ல நீட்டிப் பிடிக்கிற ஸ்வரத்தைக் கவனிங்க. கோளாறு டர்ன்டேபிள்லன்னா அதுவும் சேர்ந்து ஆடும். ரெக்கார்டோட நடு ஓட்டை விலகியிருந்தா, நிமிஷத்துக்கு 33⅓ சுத்து வேகத்துல 1.8 வினாடிக்கு ஒரு தடவை ஆட்டம் திரும்பி வரும். பியானோ மட்டும் கோணலா கேட்டா உங்க செட் நல்லாத்தான் இருக்கு.

———

இதையும் சேர்த்துக்குங்க. முதல் வால்யூம் எல்.பி. ரெக்கார்டுல ‘ஃபயர் வால்ட்ஸ்’, ‘பீ வேம்ப்’ ரெண்டும் ஒரே பக்கம், 26 நிமிஷம் கிட்ட. அவ்வளவும் அடங்கணும்னா பள்ளங்களை நெருக்கி, சத்தத்தைக் குறைச்சுத்தான் வெட்டணும். ஈடுகட்ட ஆம்ப்ளிஃபயரைத் திருகினா தூசிச் சத்தமும் கூடவே ஏறும். அதனால துடைச்சுட்டுப் போடுங்க. மறுபக்கம் ‘தி ப்ராஃபெட்’ மட்டும், 21 நிமிஷம்.

———

புதுசா கேக்குறவங்க ‘ஃபயர் வால்ட்ஸ்’லயே தொடங்கலாம். வால்ட்ரன் போட்ட மெட்டு, மூணு எண்ணிக்கை. தொடையில ஒண்ணு-ரெண்டு-மூணு தட்டிக்கிட்டு ரிச்சர்ட் டேவிஸோட டபுள் பாஸைப் பிடிச்சுக்குங்க. டால்ஃபியோட ஆல்டோ சாக்ஸஃபோன் அடியிலிருந்து உச்சிக்கு ஒரே தாவாத் தாவும், வழி தவறிட்டார்னு தோணும். தட்டுறதை நிறுத்தலைன்னா, சரியான இடத்துல வந்து இறங்குறது தெரியும். போஸ்ட்-பாப்ங்கிற, பீபாப்புக்கு அப்புறம் வந்த ஜாஸ் பாணியோட சட்டகம் அப்படியே நிக்குது, சுதந்திரமெல்லாம் அதுக்கு மேலதான். ஃப்ரீ ஜாஸ்னு, அதாவது கட்டுப்பாட்டைத் தளர்த்தின ஜாஸ்னு, பேரைக் கேட்டதும் எண்ணிக்கையை விடுறவங்களுக்கு இந்த இசை பாதிதான் கிடைக்கும். ட்ரம்ஸ்ல எட் பிளாக்வெல், ஃப்ரீ ஜாஸ் முன்னோடி ஆர்னெட் கோல்மனோட வாசிச்சவர். சிம்பலைவிட அவர் டிரம் தோல்ல பேசுறதைக் கேளுங்க, கிட்டத்தட்ட மெட்டு மாதிரியே இருக்கும்.

‘தி ப்ராஃபெட்’ ஆரம்பத்துல ட்ரம்பெட்டும் ஆல்டோவும் ஒட்டி ஒட்டி உரசுறது பிழை இல்ல, எழுதினதே அப்படி. சின்ன ஸ்பீக்கர்ல அது வெறும் இரைச்சலா போயிடும், ஹெட்ஃபோன்ல ரெண்டு குழலும் தனித்தனியா தெரியும்.

———

ஆல்டோ கஷ்டமா இருந்தா ரெண்டாவது வால்யூமுக்குப் போங்க. ‘லைக் சம்ஒன் இன் லவ்’ல டால்ஃபி புல்லாங்குழல். பாஸ் கிளாரினெட் வேணும்னா ‘அக்ரெஷன்’. அதுல லிட்டிலோட வேகத்தைக் கேட்டுட்டு, அப்ப அவருக்கு வயசு 23, அந்த வருஷம் அக்டோபர் 5-லயே இறந்துட்டார்ங்கறதை நம்பவே கஷ்டமா இருக்கும்.