ஒரே பையில் போனும் காம்பஸும்

மலையில் தனியாகத் தங்கியபோது யாரைச் சந்தித்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இரண்டு சந்திப்புகள், இரண்டும் ஒரே நாளில். ஒன்று மனுஷி, இன்னொன்று மனுஷி இல்லை. இடம் இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட், போன ஜூன் மாதம்.

கெஸிக்கில் 78ஆம் எண் பஸ் ஏறி சீடாலரில் இறங்கினேன். அங்கிருந்து சீத்வெயிட் பண்ணை வரை தார் ரோட்டில் நடை. இங்கிலாந்தில் ஆட்கள் குடியிருக்கும் ஊர்களிலேயே அதிக மழை பெய்கிற ஊர் இந்த சீத்வெயிட்தான், வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். அன்றைக்கோ வெயில் சுள்ளென்று அடித்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதுகில் பதினோரு கிலோ. டென்ட், தூங்கும் பை, ஒரு டப்பா புளியோதரை (சூடு பண்ண வேண்டாம், கெடவும் கெடாது). ஸ்டாக்லி கல்பாலம் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கும். ஸ்டைஹெட் சுனைக்கு இரண்டு மணிக்கு வந்தேன். 'டார்ன்' என்று இவர்கள் சொல்வதற்கு நம் 'சுனை' கனகச்சிதமாகப் பொருந்துகிறது. அங்கிருந்து கிரேட் கேபிள், 899 மீட்டர். கல் பதித்த பாதைதான், ஆனால் முழங்காலுக்கு நல்ல வேலை.

பாதி வழியில் மேகம் இறங்கியது. உச்சிக்குப் போனபோது என் பூட்ஸ் மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது. உச்சிப் பாறையில் ஒரு வெண்கலத் தகடு பதித்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்துபோன மலையேற்றக் கிளப் உறுப்பினர்களின் பெயர்கள் அதில் உண்டு, 1924இல் வைத்தது. அதன் ஓரமாக ஒரு வயதான அம்மா பிளாஸ்க்கிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதாவது இருக்கும். ஒரு வணக்கம், வானிலை பற்றி இரண்டு வார்த்தை, அவ்வளவுதான் பேச்சு. நான் மேப்பை விரித்துத் தென்கிழக்குக்குக் காம்பஸைத் திருப்பி, முள் காட்டிய பக்கம் நடக்கத் தொடங்கினேன். பத்தடி போயிருப்பேன்.

"எந்தப் பக்கம் இறங்குகிறீர்கள்?" என்று பின்னாலிருந்து குரல்.

ஸ்டைஹெட் என்றேன். "அது ஸ்டைஹெட் பக்கம் இல்லையே" என்றார். காம்பஸைக் காட்டினேன். அவர் மறுபேச்சு பேசவில்லை. என்னுடையதை வாங்கிப் பாறையின் மேல் வைத்தார். தன்னுடையதை எடுத்து ஒரு முழம் தள்ளி வைத்தார். பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று இழுக்குமாம். ஈரப் பாறையின் மேல் இரண்டு சிவப்பு முள்ளும் ஆடி நின்றன. ஒன்றுக்கு ஒன்று நேர் எதிராக.

"போனை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

தோள்பட்டைப் பையில். காம்பஸும் அதே பையில். போன் உறையில் மூடிக்கொள்ளக் காந்தம் வேறு. முள்ளின் துருவமே மாறிப்போய், வடக்கு என்று தெற்கைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. முள் ஒழுங்காகத்தான் சுற்றும், எங்கும் சிக்காது, அதனால் சந்தேகமே வராது. நான் நம்பிப் போன வடமேற்குப் பக்கம் என்னர்டேல் பள்ளத்தாக்கு. கொஞ்சம் வடக்கே ஒதுங்கினால் கேபிள் கிராக், செங்குத்துப் பாறை. திட்டுவார் என்று நினைத்தேன். இன்னொரு மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். அப்புறம் ஸ்டைஹெட் வரை அவர் முன்னே, நான் பின்னே. பெயர்கூடக் கேட்கவில்லை, இன்றுவரை உறுத்துகிறது.

அவர் வாஸ்டேல் பக்கம் இறங்கிப் போனார். நான் ஸ்பிரிங்க்லிங் சுனைக்கு ஏறினேன். டென்ட் போடுவது பற்றி ஒரு வார்த்தை: இங்கிலாந்தில் நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் இப்படித் தங்க, தென்மேற்கே டார்ட்மூர் என்ற மேட்டுநிலத்தின் சில பகுதிகளைத் தவிர, பொதுவாக உரிமை கிடையாது. லேக் டிஸ்ட்ரிக்டில் பண்ணை நிலங்களின் கடைசிக் கல்சுவரையும் தாண்டி உயரத்தில், ஒரே ராத்திரி, இருட்டுகிற நேரத்தில் போட்டு விடிந்ததும் எடுத்துவிட்டால் கண்டுகொள்வதில்லை. ஜூனில் சூரியன் மறையவே பத்து மணி ஆகிவிடும். அதுவரை கல்லில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டேன். கூடவே மிட்ஜ் என்ற குட்டிக் கடிபூச்சிகள் என்னைச் சாப்பிட்டன.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். டென்ட்டுக்கு வெளியே யாரோ இருமினார்கள். சுருட்டுக் குடிக்கிற தாத்தா இருமுவாரே, அதே கரகரப்பு. மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். மறுபடியும் இருமல், இந்தத் தடவை தலைமாட்டில். "ஹலோ" என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசியில் ஜிப்பை நாலு விரல் திறந்து டார்ச் அடித்தால், வெள்ளை முகமும் சாம்பல் கம்பளியுமாக ஹெர்ட்விக் இனச் செம்மறி ஆடு ஒன்று, என் டென்ட் கயிற்றை முகர்ந்துகொண்டு. பக்கத்தில் அதன் கறுப்புக் குட்டி. இந்த ஆடுகளுக்கு வேலி வேண்டாம். தன் மலை எதுவென்று தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்ளும், அங்கேயேதான் மேயும். அவர்கள் வீட்டு வாசலில் படுத்திருந்தவள் நான்தான்.

நாலரைக்கே வெளிச்சம். டென்ட்டைச் சுருட்டி, கிரெயின்ஸ் கில் ஓடையோரமாக இறங்கிவிட்டேன்.

*

அக்கா, ஆடு இருமும் என்று இன்றைக்குத்தான் தெரியும். அந்தக் காம்பஸ் என்ன ஆச்சு? தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

*

இல்லை தம்பி. நல்ல காந்தத்தால் முள்ளைத் தடவித் திருப்பலாம். திருப்பியும் பார்த்தேன், சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் அதை நம்பி மலை ஏற மனசு வரவில்லை, புதுசு வாங்கிவிட்டேன். புதுசு இடுப்புப் பையில், போன் முதுகுப்பையின் மேல்மூடியில். வீட்டை விட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று வடக்கு எது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். எதிர்வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.