கேத்தோடை மாற்றியபின் ஏறிய இருள் மின்னோட்டம்: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். 2856 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 1.6 அறைச் செம்பு எலக்ட்ரான் துப்பாக்கி ஒன்றைச் சோதித்து வருகிறோம்; லேசர் ஒளி கேத்தோடிலிருந்து (எதிர்மின்வாய்) எலக்ட்ரான்களைக் கிளப்ப, அறைகளிலுள்ள நுண்ணலைப் புலம் அவற்றை முடுக்கும். கேத்தோடில் மீட்டருக்கு 100 மெகாவோல்ட் புலத்தை எட்டுவதே இலக்கு. எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குவதற்குள் அவற்றின் பரஸ்பர விலக்கமே கற்றையைச் சிதைத்துவிடும் என்பதால், இந்த எண்ணைக் குறைத்துக்கொள்ள மனமில்லை.

கேத்தோடை மாற்றிய பிறகு, 80-ஐத் தாண்டினாலே மின்முறிவு (வெற்றிடத்தில் பொறி பறப்பது) அடிக்கடி நிகழ்கிறது. ஒவ்வொரு முறையும் வெற்றிட அளவியின் முள் துள்ளுகிறது, திரும்பிவரும் நுண்ணலைத் துடிப்பும் சட்டென உயர்கிறது. லேசரை அணைத்துவிட்டு ஃபாரடே கிண்ணத்தில் (எலக்ட்ரான்களைப் பிடித்து மின்னூட்டத்தை அளக்கும் கருவி) அளந்தபோது, இருள் மின்னோட்டம், அதாவது லேசர் இல்லாமலே வலுவான புலம் உலோகத்திலிருந்து இழுக்கும் எலக்ட்ரான்களின் ஓட்டம், முன்பைவிடப் பல மடங்கு இருந்தது. நுண்ணலைத் துடிப்பின் நீளத்தை 3 மைக்ரோநொடியிலிருந்து 1 ஆகக் குறைத்தால் முறிவுகள் அடங்குகின்றன, நீட்டினால் மீள்கின்றன. இருள் மின்னோட்டம் புலத்தோடு எப்படி ஏறுகிறது என்று காட்டும் ஃபௌலர்-நார்ட்ஹைம் வரைபடத்தின் சாய்விலிருந்து புலப் பெருக்கக் காரணியை (பரப்பின் நுண்முனைகளில் புலம் எத்தனை மடங்காகிறது என்பதை) கணக்கிட்டோம். ஆனால் அது உமிழும் முனையின் கூர்மையைச் சொல்கிறதே ஒழிய, இடத்தைச் சொல்வதில்லை.

உமிழ்வது கேத்தோடின் விளிம்பா, அறைகளுக்கு இடையிலுள்ள துளையின் விளிம்பா என்பதைப் பிரித்தறிய நீங்கள் கையாண்ட முறை என்ன? சாலினாய்டின் (கற்றையைக் குவிக்கும் காந்தச் சுருள்) புலத்தை மாற்றி மாற்றி ஒளிர்திரையில் படமெடுப்பது போதுமா? துப்பாக்கியைத் திறப்பதற்கு முன் எவ்வளவு காலம் பதப்படுத்தலை (புலத்தை மெல்ல மெல்ல ஏற்றிப் பரப்பைப் பழக்குவதை) தொடரலாம்? (அவசரப்பட்டுத் திறந்து ஏற்கெனவே ஒருமுறை பட்டிருக்கிறோம்.)