ரைபிள் போல்ட்டை (தோட்டாவை ஏற்றி, காலிக்கூட்டை வெளியே எடுக்கும் உருளை) முழுதாக மூடாமல் பாதியில் இழுத்தால் என்ன ஆகிறது? பார்த்ததைப் பகிருங்கள்

ரெமிங்டன் 700 ரைபிள், புஷ் ஃபீட் (போல்ட் தோட்டாவைக் கவ்வாமல் வெறுமனே முன்னே தள்ளும் அமைப்பு). முதல் குண்டு சுட்டாயிற்று. போல்ட்டை இழுத்து முன்னே தள்ளியாயிற்று, கைப்பிடியை மட்டும் கீழே மடக்கவில்லை. அடுத்த தோட்டா ஏறியதா என்ற சந்தேகத்தில் மறுபடி இழுத்துத் தள்ளியதும் 'டக்' என்று நின்றுவிட்டது. முன்பு ஏறிய தோட்டா சேம்பருக்குள்ளேயே (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) கிடக்க, மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கிளம்பிய இரண்டாவதின் முனை அதன் பின்புறத்தில் முட்டி நிற்கிறது. இந்த அமைப்பில் எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கி) தோட்டா விளிம்பைக் கவ்வுவது போல்ட் மூடும்போதுதான். முட்டும் இடத்தில் பிரைமர் (அடித்தால் தீப்பற்றும் சிறு மூடி) இருக்கிறது, ஆகவே பலம் கொடுத்துத் தள்ளவே கூடாது. குழல்முனையைப் பத்திரமான திசையில் வைத்து, விரலை ட்ரிகரிலிருந்து எடுத்துவிட்டு, போல்ட்டை முழுக்க இழுத்து இரண்டாவது தோட்டாவையும் மேகசினில் மீதியுள்ளவற்றையும் அகற்றுங்கள். பிறகு போல்ட்டை முழுதாக மூடித் திறந்தால் சேம்பரில் கிடக்கும் தோட்டா வெளியே வந்துவிடும்.

———

மவுசர் 98-இல் இந்த நிலையே வராது. மேகசினிலிருந்து மேலே எழும்போதே தோட்டாவின் விளிம்பு, நீளமான எக்ஸ்ட்ராக்டரின் நகத்துக்குள் ஏறிவிடும். எங்கே நிறுத்தி இழுத்தாலும் தோட்டா கூடவே வரும். 1936-இல் வந்த வின்செஸ்டர் 70-உம் அப்படித்தான். 1964-இல் அதைப் புஷ் ஃபீடாக மாற்றியதை வேட்டைக்காரர்கள் இன்றும் மன்னிக்கவில்லை. ஒன்று மட்டும் கவனம்: பழைய மவுசரில் தோட்டாவைக் கையால் நேரே சேம்பரில் போட்டு மூடாதீர்கள். நகம் விளிம்பின்மேல் தாவ வேண்டியிருக்கும், உடையலாம். மேகசினில் அழுத்தி வைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

———

மேலே சொன்னது பாதிதான் சரி, நண்பரே. மவுசரின் எஜெக்டர் (காலிக்கூட்டை வெளியே தட்டிவிடும் பாகம்) நிலையானது. மெதுவாக இழுத்தால் காலிக்கூடு வெளியே பறக்காமல் அங்கேயே விழும். 700-இன் ஸ்பிரிங் எஜெக்டருக்கு இழுக்கும் வேகம் பொருட்டே இல்லை. அதன் போல்ட் முகப்பு தோட்டாவின் அடிப்பாகத்தை முழுவட்டமாகச் சூழ்ந்திருப்பது, கூடு வெடித்தால் பெரிய பாதுகாப்பு. பாதியில் இழுப்பது கைப்பழக்கத்தின் தவறு, அமைப்பின் தவறல்ல.

———

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் 'போல்ட் இறுகுகிறது' என்று நல்ல ரைபிளைக் குறை சொல்வதை அடிக்கடி பார்க்கிறோம். முதலில் போல்ட் கைப்பிடியைத் தூக்கும் கோணத்தைப் பாருங்கள். இரண்டு லக் (போல்ட்டைப் பூட்டும் புடைப்பு) உள்ள மவுசர், 700 இரண்டுக்கும் சுமார் 90 டிகிரி. டிக்கா டி3-க்கு 70. ஒன்பது லக் வெதர்பி மார்க் 5-க்கு 54. கோணம் குறைந்தால் ஸ்கோப்புக்கும் கைப்பிடிக்கும் நடுவே விரல் நுழைய இடம் கிடைக்கும். ஆனால் ஸ்பிரிங்கைக் குறைந்த தூரத்தில் அழுத்த வேண்டியிருப்பதால் கை கனமாக உணரும். அது பழுதல்ல.

ஸ்கோப் மாட்டிய பிறகோ ஸ்டாக் (ரைபிளைத் தாங்கும் கட்டை) மாற்றிய பிறகோ திடீரென்று இறுகினால் ஸ்க்ரூ நீளத்தைச் சந்தேகியுங்கள். தோட்டா எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, ஸ்கோப் பேஸின் முன் ஸ்க்ரூவைக் கழற்றி போல்ட்டை மூடிப் பாருங்கள். இலகுவாக மூடினால் அந்த ஸ்க்ரூ உள்ளே லக்கை உரசுகிறது. ஸ்டாக்கின் முன் ஸ்க்ரூ நீளமாக இருந்தாலும் இதே கதைதான். நுனியை ஒரு சுற்று அராவி, பிசிறு நீக்கி மாட்டுங்கள்.

பெடிங்கும் (ரைபிள் ஸ்டாக்கில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்பது) பாருங்கள். பேரலும் ஸ்டாக் நுனியும் சேரும் இடத்தில் விரல்நுனியை வைத்து, முன் ஸ்க்ரூவைத் தளர்த்தி இறுக்குங்கள். பேரல் எழுந்து அமர்வது விரலுக்குத் தெரிந்தால் ரிசீவர் (போல்ட் ஓடும் உலோக உடல்) வளைந்து உட்கார்ந்திருக்கிறது. சுட்ட குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறுவது அதனாலும் இருக்கலாம். ரூகர் 77-இல் முன் ஸ்க்ரூ சாய்வானது, ரிசீவரைப் பின்னோக்கியும் இழுக்கும். அதை முதலில் இறுக்கிவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும்.