அம்மாவோடு பிரிஸ்ல்கோன் பைன் காடு: இரவு எங்கே தங்குவது?

கலிஃபோர்னியாவின் இன்யோ தேசிய வனத்துக்கு, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை செப்டம்பர் கடைசி வாரம் அழைத்துப் போகிறோம். 4,800 ஆண்டுகளுக்கு மேல் வயதான பைன் மரம் அங்கே இருக்கிறது என்று கேட்டதிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. எப்படியாவது காட்டிவிட வேண்டும்.

சிக்கல் உயரம்தான். அந்தப் பழைய மரங்கள் இருக்கும் ஷுல்மன் தோப்பு 10,000 அடிக்கு மேல். முன்பு வந்தபோது, கிட்டத்தட்ட அதே உயரமுள்ள டயோகா மலைக் கணவாயில் அம்மாவுக்குத் தலைவலி, வாந்தி. கீழே இறங்கியதும் சரியாகிவிட்டது. வயது 68, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார், இதயக் கோளாறு இல்லை.

டாக்டரிடம் கேட்டாயிற்று, போகலாம், மெதுவாக ஏறுங்கள் என்றார். பிஷப் ஊரில் அறை கிடைக்கிறது, ஆனால் அது 4,000 அடிச் சொச்சம். வழியில் கிராண்ட்வியூ முகாம் சுமார் 8,600 அடியில் இருக்கிறது. அங்கே முன்பதிவு இல்லை, தண்ணீரும் இல்லை, நாமே கொண்டுபோக வேண்டும். அப்புறம் அந்த மாதத்து இரவுக் குளிர். இணையத்தில் தேடினால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

வயதானவர்களை அங்கே கூட்டிப்போனவர்கள் சொல்லுங்கள்: முதல் இரவு கிராண்ட்வியூவில் தங்கி உடம்பைப் பழக்குவது நல்லதா, பிஷப்பில் தூங்கிக் காலையில் ஏறி மதியமே இறங்கிவிடுவது நல்லதா?