மழைக்கு முன்னாடி பேஸ்மென்ட்: ஷெட்யூலை மாத்தின அனுபவம்

பள்ளிக்கரணை பக்கம் ஒரு அபார்ட்மென்ட் வேலை, நான்தான் ப்ராஜெக்ட் மேனேஜர். ட்ராயிங் கைக்கு வர ரொம்ப லேட்டாகி, ஆகஸ்ட்ல முடியவேண்டிய ராஃப்ட் (பேஸ்மென்ட்டுக்கு அடியில முழுசா போடுற காங்கிரீட் அஸ்திவாரம்) அக்டோபர்ல போய் நின்னுச்சு. அக்டோபர்னா வடகிழக்கு பருவமழை, அந்த ஏரியால நிலத்தடி தண்ணி எவ்வளவு மேல இருக்கும்னு சென்னைக்காரங்களுக்கு சொல்லவே வேணாம்.

மீட்டிங்ல ஓனர் தரப்புல, "எல்லா வேலையிலயும் கொஞ்சம் கொஞ்சம் நாள் குறைச்சுடுங்க சார், சரியாயிடும்"னாங்க. இதுக்கு மட்டும் நான் ஒத்துக்கவே இல்ல. காங்கிரீட் வேலைக்கான இந்திய தரவிதி ஐஎஸ் 456 படி 4.5 மீட்டருக்கு மேல ஸ்பான் (தாங்கலுக்கு தாங்கல் தூரம்) உள்ள ஸ்லாபுக்கு கீழ குடுத்த முட்டு எடுக்க குறைஞ்சது 14 நாள், 6 மீட்டருக்கு மேல உள்ள பீமுக்கு 21 நாள், பிபிசி (ஃப்ளை ஆஷ் மாதிரி கலப்பு சேர்ந்த) சிமென்ட்னா க்யூரிங், அதாவது தண்ணி விட்டு ஈரமா வைக்கிறது, 10 நாள். ஆளை டபுள் பண்ணினாலும் காங்கிரீட் சீக்கிரம் இறுகாதுங்க. குறைக்க முடியாத நாளை முதல்ல தனியா எடுத்து வச்சுட்டு, மிச்சத்துலதான் கை வைக்கணும்.

பேஸ்மென்ட் இல்லாத இன்னொரு பிளாக்ல ஃப்ளோட், அதாவது கடைசி தேதி பாதிக்காம தள்ளிப்போடக்கூடிய நாள், நிறைய இருந்துச்சு. அதை நிறுத்திட்டு அங்க இருந்த சென்ட்ரிங் ஆளுங்க, கம்பி ஆளுங்க எல்லாரையும் இங்க கொண்டாந்தோம். ராஃப்ட் போட்டாச்சு, இனி நிம்மதின்னு விட்றாதீங்க, காலி பேஸ்மென்ட்டை நிலத்தடி தண்ணி கீழ இருந்து தூக்கும், மேல போதுமான வெயிட் வர்ற வரைக்கும் தண்ணி இறைக்குற பம்பை நிறுத்தவே கூடாது, அதனால பம்பு ஓடுற நாள், டீசல் செலவு எல்லாத்தையும் புது ஷெட்யூல்ல தனி வரியாவே போட்டேன். தீபாவளி, சத் பூஜைக்கு பீகார் ஆளுங்க ஊருக்குப் போறதையும் மேஸ்திரிகிட்ட கேட்டு காலண்டர்ல ஏத்தினதுக்கு அப்புறம்தான் ஓனர்கிட்டயே காட்டினேன். சாவி குடுக்குற தேதி பொங்கல் தாண்டிப் போகும்னு அன்னைக்கே சொல்லிட்டேன். கோவப்பட்டாங்க, ஆனா வீடு புக் பண்ணினவங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சுது, அவங்க வாடகை, லோன்னு எவ்வளவு கணக்கு போட்டு வச்சிருப்பாங்க.

---

அருமையான பதிவு சார். நான் திருப்பூர்ல ஈஆர்பி (கம்பெனியோட பில், ஸ்டாக், கணக்கு எல்லாத்தையும் ஒண்ணா பாக்குற சாஃப்ட்வேர்) வேலை. எங்களுக்கு தேதியே நகராது, 2023 ஆகஸ்ட் 1ல இருந்து 5 கோடிக்கு மேல டர்ன்ஓவர் உள்ளவங்களுக்கு இ-இன்வாய்ஸ் (ஜிஎஸ்டிக்காக அரசாங்க போர்ட்டல்ல பதிவு பண்ற பில்) கட்டாயம்னு வந்துச்சுல்ல, அப்போ பில்லிங் மாட்யூலை மட்டும் முதல்ல லைவ் பண்ணிட்டு ஸ்டாக், ப்ரொடக்‌ஷன் ரெண்டையும் அடுத்த கட்டத்துக்குத் தள்ளினோம். அக்கவுன்ட்ஸ் அக்காவை கூட உக்கார வச்சுதான் எதை தள்ளலாம்னு முடிவு பண்ணினோம், எங்க டீம் மட்டும் பேசியிருந்தா பில் தொகையைக் குறைக்கப் போடுற கிரெடிட் நோட்டையும் தள்ளியிருப்போம்.

---

இந்தப் பதிவுக்கு நானும் ஒண்ணு சேர்த்துக்கறேன். பழைய பேஸ்லைனை (முதல்ல ஒத்துக்கிட்ட ஷெட்யூலை) அழிச்சுட்டு அதுமேலயே புதுசு எழுதாதீங்க, ரெண்டும் இருந்தாதான் யாரால எவ்வளவு லேட்னு காட்ட முடியும். ஃபிடிக் 1999 (சர்வதேச மாதிரி கட்டுமான ஒப்பந்தம்) கான்ட்ராக்ட்ல விஷயம் தெரிஞ்ச 28 நாளுக்குள்ள நோட்டீஸ் குடுக்கலைன்னா கூடுதல் டைம் கேக்குற உரிமையே போயிடும். உங்க கான்ட்ராக்ட்ல எத்தனை நாள்னு இன்னைக்கே எடுத்துப் பாத்துடுங்க.